நிலைக் குறிப்பு

வெள்ளியை நாளிதழில் சுற்றாதே.
ரப்பர் பேண்டு போடாதே, அதிலுள்ள கந்தகம்
ஆறே மாதத்தில் கறுப்பு வளையம் இட்டுவிடும்.
தேக்கைப் பிளாஸ்டிக்கில் இறுக்காதே.
மரத்துக்கும் வேர்க்கும். வேர்த்தால் பூக்கும், பூத்தால் போச்சு.
சுவரிலிருந்து ஒரு சாண், தரையிலிருந்து ஒரு சாண்.
கடிகாரமா, பெண்டுலத்தைக் கழற்றித் தனியே சுற்று.
ரேடியோவா, பேட்டரியை எடு.

வாடி கபீர் கிடங்கில், மின்பெட்டிக்குப் பக்கத்தில்,
என் கையெழுத்தில் ஒட்டியிருக்கிறது இது.
ஓரத்தில் யாரோ வங்காளத்தில் ஏதோ சேர்த்திருக்கிறார்கள்.
கேட்டதில்லை. ஈரப்பதம் பற்றியாக இருக்கும்,
அல்லது என்னைப் பற்றி.

முப்பத்தொன்றாம் அறை. ஸுவைனா என்கிற அம்மாளுடையது.
ஏழு வருடமாக வங்கியிலிருந்து வாடகை வரும், ஆள் வந்ததில்லை.
ஸான்ஸிபாரிலிருந்து அவர் அப்பாவோடு கப்பலேறிய பெட்டி:
பித்தளை ஆணி இருநூற்றுப் பதினான்கு, ஒன்று இல்லை
(வரும்போதே இல்லை, எழுதி வைத்திருக்கிறேன்).
கைப்பிடியில்லாத காப்பிக் கிண்ணங்கள் பதினொன்று.
கழுத்து சாய்ந்த பன்னீர்ச் செம்பு.
ரசம் உதிர்ந்த கண்ணாடி, அதில் பார்த்தால்
எனக்கு இடது கண் இருக்காது.
தோலுறை போட்ட டிரான்சிஸ்டர்.

வியாழக்கிழமை எடுத்துப்போக வருகிறேன் என்று போன்.
புதன் இரவு பிரித்துப் பார்த்தேன்.
உள்ளே இருபத்திரண்டு டிகிரி, முள் அசையவில்லை.
வெளியே பதினொரு மணிக்கும் முப்பத்தெட்டு,
பகலில் வாங்கிய கடனை மலைப்பாறை
திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது.
ஆணி சரி. கிண்ணம் சரி. பன்னீர்ச் செம்பு
நேற்றுத் துடைத்தது போல.
டிரான்சிஸ்டரின் முதுகைத் திறந்தால்
உப்பளம்.

நாலு பேட்டரியும் கசிந்து, வெள்ளைப் பொடி பொங்கி,
தகடெல்லாம் மயில்துத்த நிறம்.
ஏழு வருடத்துக்கு முந்தைய தாளைத் தேடி எடுத்தேன்.
'பேட்டரி நீக்கப்பட்டது': டிக்.
என் டிக்தான். வால் நீளும்.

அன்றைக்கு என்ன அவசரம்? சாவா, பிறப்பா?
ஒன்றுமில்லை. ஆறு மணிக் கம்பெனி வண்டி.
விட்டால் அல் குவைருக்கு டாக்ஸி மூன்று ரியால்.

'முன்பே இருந்த பழுது' என்ற கட்டம் காலியாகத்தான் இருந்தது.
கம்பெனி இன்னும் அதே நீலப் பேனாதான் தருகிறது.
அரை நிமிட வேலை.
அரை மணி நேரம் மூடியைத் திறந்தேன், மூடினேன்,
பேனாவின் மூடியை.

பிறகு மெஸ்ஸில் வெங்காயத்துக்கு வைத்திருந்த வினிகரை
பஞ்சில் தொட்டுத் தொட்டு, விடியும்வரை.
மூன்று சுருள் பிழைத்தது.
நாலாவது கையோடு வந்தது.

மகனை ஏசி ஓடும் வண்டியிலேயே விட்டுவிட்டு வந்தார் அம்மாள்.
பெட்டியைத் திறந்து, தலையை உள்ளே விட்டு
மோந்துகொண்டே இருந்தார். நான் கூரையைப் பார்த்தேன்.
அப்புறம் தாளைப் படித்தார்.
'பழுது: பேட்டரி கசிவு. காரணம்: சேதுபாண்டி.'
சேதுபாண்டி என்ன, ரசாயனமா, என்று ஹிந்தியில் கேட்டார்.
நான்தான் என்றேன்.

சிரிக்கவில்லை.
அப்பா பெருநாளுக்குப் பெருநாள் புது பேட்டரி போடுவார்,
பாட்டுக் கேட்க அல்ல,
அங்கே மறுபடி ஏதாவது நடந்தால் தெரியவேண்டுமே என்று.
கடைசியாக அவர் கையால் போட்டது அது. எங்கே?

குப்பையில் போட்டிருந்தேன். லாரி காலையிலேயே போயிருந்தது.

அதற்குத் தாளில் கட்டம் இல்லை.
உடைந்த சுருளை மட்டும் கேட்டு வாங்கி,
காப்பிக் கிண்ணம் ஒன்றில் இட்டு,
கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

சம்பளத்தில் இருபது ரியால் பிடித்தார்கள்.
ஆறு டாக்ஸி, மீதி இரண்டு.

சுவர்த்தாளில் கடைசி வரிக்குக் கீழே
நெருக்கி எழுதிச் சேர்த்தேன்:
எடுத்த பிறகு டிக் போடு.
எடுத்ததை எறியுமுன் கேள்.